இரட்டையரும் ஓர் அரங்கேற்றமும்

நாடகக் குழுக்களைத் தொழில்முறைக் குழு, பயில்முறைக் குழு என இருவகைப்படுத்துவர். நாடகத்தையே வாழ்வுக்குரிய தொழிலாகக் கொண்டோர் முதல் வகையினர். வேறு பணிகளில் இருந்துகொண்டு கலையார்வத்தால் நடிப்போர் இரண்டாம் வகையினர். பயில்முறை நடிகர்கள் நாடகக் கலைக்கு ஆற்றிய தொண்டிற்கு, 1486ஆம் ஆண்டு இத்தாலியின் ஃபெராரா நகரில் அரங்கேறிய ‘மெனெக்மி’ என்னும் நகைச்சுவை நாடகம் சிறந்த சான்றாகும்.

இந்நாடகத்தை இலத்தீன் மொழியில் இயற்றியவர் பண்டைய உரோமானியரான பிளாட்டஸ். இவருடைய நாடகங்களுள் பன்னிரண்டு, பல நூற்றாண்டுகள் அறிஞர்தம் பார்வைக்கு எட்டாதிருந்தன. செருமானிய நாட்டில் கண்டெடுக்கப்பட்ட சுவடி ஒன்று 1429இல் உரோம் நகரை அடைந்தபோது அவை மீண்டும் வெளிப்பட்டன. மெனெக்மி அவற்றுள் ஒன்று.

சிராக்கூஸ் நகர வணிகர் ஒருவருக்கு இரட்டைப் புதல்வர்கள். ஏழாம் வயதில் ஒருவன் திருவிழாக் கூட்டத்தில் காணாமற்போகிறான். துயரம் தாளாது தந்தை இறக்கிறார். பாட்டனார், தொலைந்தவன் பெயரையே எஞ்சிய பேரனுக்குச் சூட்டுகிறார். அவன் வளர்ந்து, உடன்பிறந்தவனைத் தேடிக் கடல்வழியே அலைகிறான். ஆறாம் ஆண்டில் எபிடாம்னஸ் நகரில் கரையிறங்குகிறான். தொலைந்தவன் வாழ்வது அவ்வூரில்தான். முன்பின் அறியாதோர் வந்தவனைப் பெயர்சொல்லி அழைக்கின்றனர், விருந்திடுகின்றனர். கணவன் எனக் கருதி ஒருத்தி கடிந்துகொள்கிறாள். தப்பிப்பதற்காக அவன் பித்தனைப்போல் நடிக்கிறான். ஆனால், பித்தன் எனக் கருதப்பட்டு மருத்துவரிடம் கொண்டுசெல்லப் பிடிக்கப்படுபவனோ, ஒன்றும் அறியாத மற்றவன்!

இரட்டையர் இருவரும் ஒரே ஊரில் இருப்பதை நாடகத்தின் முன்னுரையே பார்வையாளர்க்கு உணர்த்திவிடுகிறது. மேடையில் இருப்போர் அதனை அறியார். இவ்வறிவின் இடைவெளியே நகைப்பைப் பிறப்பிக்கிறது. எனினும், நகைப்பின் அடியில் ஓர் அச்சமும் உண்டு. ‘நான் இன்னார்’ என ஒருவன் எவ்வளவு உரைப்பினும், சுற்றத்தார் நம்பாவிடின் அவன் சொல் பயனற்றுப் போகிறது. ஒருவனது அடையாளத்தில் பிறர் ஏற்பிற்கும் பங்குண்டு என்பதை இந்நாடகம் சிரிப்பினூடே உணர்த்துகிறது.

இரட்டையர் இறுதிக் காட்சியில்தான் நேருக்கு நேர் சந்திக்கின்றனர். ஆகவே, உருவத்தால் முற்றும் ஒத்த இருவர் தேவையில்லை. ஒத்த உடையும் ஒத்த நடையும் போதும். எவர் எப்போது நுழைவது, எப்போது வெளியேறுவது என்பதில்தான் பிழை நேரலாகாது. ஒருவர் தவறினும் கதையின் முடிச்சு அவிழ்ந்துவிடும். எனவே, தனியொருவர் திறமையைவிடக் குழுவின் ஒழுங்கையே இந்நாடகம் வேண்டி நிற்கிறது.

இத்தாலியத் தொழில்முறைக் குழுவொன்றின் மிகப் பழைய ஒப்பந்தமாக இன்று அறியப்படுவது, 1545இல் பதுவா நகரில் எழுதப்பட்டது. அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் முன்னரே, ஃபெராராவின் கோமகன் முதலாம் எர்கோலேயின் அரண்மனையைச் சார்ந்தோர் மெனெக்மியை மேடையேற்றினர். கற்றோர் மொழியாகிய இலத்தீனை விடுத்து, இத்தாலிய மொழியாக்கத்தில் அது நிகழ்ந்தது. அரண்மனை முற்றத்தில் வீடுகளின் தோற்றத்துடன் மரமேடை அமைந்தது. கடற்பயணத்தைக் காட்டக் கப்பலொன்றும் முற்றத்தின் குறுக்கே நகர்ந்துவந்தது.

ஒரு நூற்றாண்டிற்குப் பின், ஷேக்ஸ்பியர் இக்கதையைத் தழுவி, பணியாளர்களையும் இரட்டையராக்கி, ‘தி காமெடி ஆஃப் எரர்ஸ்’ நாடகத்தைப் படைத்தார். அது 1594இல் இலண்டனின் சட்டக் கழகங்களுள் ஒன்றான கிரேஸ் இன்னில் நடிக்கப்பட்டது. சுவடியில் உறங்கும் நாடகம் நடிக்கப்படும்போதே உயிர்பெறுகிறது. மெனெக்மிக்கு அவ்வுயிரை மீட்டளித்தோருள், நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத ஃபெராரா நடிகர்களும் அடங்குவர்.