குடிபெயர்ந்து வந்தோருக்கு உதவிக் கல்விக் குழு அமைக்கும் முறை

தனியொருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்து முடிப்பதே கூட்டுறவின் அடிப்படை. சொந்த மண்ணில் வாழும் நமக்கே இது அவசியமெனில், வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தோருக்கு எவ்வளவு அவசியம் என்பதை அங்கத்தினர்கள் எளிதில் உணர்வர். கோடியக்கரையில் வாழ்வோருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. பாக்கு நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணக் குடாநாடு. இக்கடலைக் கடந்து வந்தவர்களின் அனுபவத்திலிருந்து நாம் கற்க வேண்டியவை பல.

இரு வகையினர்

1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவர்களுள் மிகப் பலர் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்கென்றே 1969இல் ஒரு கூட்டுறவு வங்கி நிறுவப்பட்டது. இன்று ரெப்கோ வங்கி எனப்படுவது அதுவே.

இரண்டாம் வகையினர், 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் உயிர் பிழைக்கப் படகேறி வந்த ஏதிலியர். 2021ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்து வந்தனர்.

பணமும் கல்வியும்

தாயகம் திரும்பிய பலருக்குத் தொழில் தொடங்கக் கடன் வழங்கப்பட்டது. ஆயினும் கொழுந்து பறித்தே வாழ்ந்தவருக்குக் கடை நடத்தும் முறை தெரியாது. விண்ணப்பம் எழுதவும் தெரியாது. எனவே பலர் இடைத்தரகர் கையில் சிக்கிக் கடன் தொகையை இழந்தனர். கல்வியின்றிக் கிடைக்கும் பணம் நிலைப்பதில்லை.

ஏதிலியரோ 1984இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தாமே அமைத்துக்கொண்டனர். தந்தை செல்வாவின் புதல்வர் சந்திரகாசன் அதனைத் தோற்றுவித்தார். முகாமில் வாழ்ந்த படித்த இளைஞர்களே அங்குள்ள பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினர். பெண்களின் சுய உதவிக் குழுக்களும் வளர்ந்தன. உதவி பெறுவோரே உதவி செய்வோராகவும் இருந்தனர், இதுவே கூட்டுறவு.

தொடங்கும் வழி

முதலாவது, வீடு வீடாகச் சென்று தேவையைக் கேட்டறிதல். யாருக்கு எழுத்தறிவு வேண்டும், யாரிடம் என்ன தொழில் தெரியும், எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றது என்பவற்றைக் குறித்தல் வேண்டும். நாமாக ஊகித்துத் திட்டம் வகுத்தல் கூடாது.

இரண்டாவது, சிறு குழுவாகத் தொடங்குதல். 12 முதல் 20 பேர் போதும். தலைவரையும் செயலரையும் பொருளாளரையும் வந்து குடியேறியோரே தம்முள் தேர்ந்தெடுத்தல் வேண்டும். உள்ளூரார் ஆலோசகராக இருக்கலாம். எஜமானராக இருத்தல் தகாது.

மூன்றாவது, மாலைப் பள்ளி. பிள்ளைகளுக்குப் பாடம்; பெரியவர்களுக்கு வங்கிக் கணக்கு, கூலிக் கணக்கு, விண்ணப்பம் எழுதுதல். ஆசிரியர் அக்குடியிருப்பிலேயே வாழ்பவராயிருத்தல் நலம். 1991இல் ஏதிலிப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு அடைபட்டது. 1996இல்தான் மீண்டும் திறந்தது. வெளியார் தரும் வாய்ப்பு இவ்வாறு திடீரென நிற்கக்கூடும். உள்ளிருப்பவர் கற்பிக்கும் பள்ளி அத்துடன் நின்றுவிட வேண்டியதில்லை.

நான்காவது, சிறு சேமிப்பு. தொகை அற்பமாயினும் மாதந்தோறும் செலுத்தி, ரொக்கப் புத்தகத்தில் பதிந்து, கூட்டத்தில் உரக்கப் படித்தல் வேண்டும். கணக்கு மறைவாக இருக்குமிடத்தில் நம்பிக்கை இராது.

ஆவணமே அரண்

ஐந்தாவது, ஆவணங்கள். நெசவாளர் அறுந்த இழையை அப்போதே முடிந்துவிடுவர். விட்டுவிட்டால் துணி முழுதும் கெடும். பிறப்புப் பதிவும் அத்தகையதே. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன் வரை இந்தியாவில் பிறந்தோர், சில விலக்குகள் நீங்கலாக, பிறப்பாலேயே குடிமக்கள் என்பது குடியுரிமைச் சட்டம். அக்காலத்தில் முகாமில் பிறந்த ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கச் சான்றிதழ் இல்லாதவர் இவ்வுரிமையைக் கேட்பதே அரிது. ஆதலின் குழுவின் செயலர் பிறப்பு, இறப்பு, திருமணம், பள்ளிச் சான்று ஆகியவற்றிற்கு ஒரு பதிவேடு வைத்து, குறையுள்ளவர்களை உடனே உரிய அலுவலகத்திற்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

நமது சங்கங்களின் கடமை

இதற்கெல்லாம் பெருந்தொகை வேண்டியதில்லை. மாலையில் பூட்டிக் கிடக்கும் சங்கக் கட்டடத்தைத் திறந்து விடலாம். நமது எழுத்தர் மாதம் ஒரு நாள் கணக்கெழுதக் கற்றுத் தரலாம். தறியும் பயிரும் அறிந்த அங்கத்தினர் அத்தொழிலைப் பழக்கலாம். நிகர இலாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்தும் நமக்குக் கல்வியின் மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் தன் எல்லையில் வந்து குடியேறியுள்ள குடும்பங்கள் எத்தனை என்ற கேள்வியை முதலில் எழுப்புவதாக. விடை கிடைத்தால் பணி தானே தொடங்கும்.