வெட்டிவேர் எண்ணெய்க்குப் புது வழி

மந்தாரக்குப்பத்தில் நின்று பார்த்தால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும். அந்தப் புகையில் இருக்கிற கரியமில வாயு, வேரிலிருந்து வாசனை எண்ணெயைப் பிரித்துக் கொடுக்கும் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும்.

நம் கடலூர் மாவட்டத்தில், நொச்சிக்காடு போன்ற கடலோர மணல் பூமியில் வெட்டிவேர் பயிராகிறது. எண்ணெய் எடுக்க இன்றைக்கும் பெரும்பாலும் நீராவி முறைதான். இதில் ஒரு கஷ்டம். வெட்டிவேர் எண்ணெய் லேசில் ஆவியாகாது. ஒரு பகல், ஒரு ராத்திரி என்று அடுப்பு எரியணும். விறகுச் செலவுக்குப் பயந்து பாதியில் அணைத்தால், கனமான, நின்று மணக்கிற பகுதி வேரிலேயே தங்கிவிடும். காய்ந்த வேர் 100 கிலோவுக்கு 1 கிலோ எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். 1 டன்னுக்கு 10 கிலோ. அதில் 2 கிலோ தங்கிவிட்டால், ஐந்தில் ஒரு பங்கு வருமானம் சக்கையோடு போச்சு!

புது முறை எப்படி வேலை செய்கிறது? சோடா பாட்டிலில் அடைத்திருப்பதும் இதே கரியமில வாயுதான். அதை 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றழுத்தத்தைப் போல சுமார் 74 மடங்குக்கு மேல் அழுத்தினால், அது வாயுவும் இல்லை, திரவமும் இல்லை என்ற நிலைக்கு வரும். இதை மீமாறுநிலை என்பார்கள். வாயுவைப் போல வேருக்குள் புகும். திரவத்தைப் போல எண்ணெயைக் கரைக்கும். பிறகு அழுத்தத்தைக் குறைத்தால் வாயு பிரிந்து போகும், எண்ணெய் தங்கும். அதே வாயுவை மறுபடியும் பயன்படுத்தலாம். கொதிக்கிற சூடு இல்லாததால் மணம் கெடாது. 1960களில் ஜெர்மனியில் கர்ட் சோசெல் என்ற விஞ்ஞானி இந்த வழியில் காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்துக் காட்டினார். வெட்டிவேரில் செய்த சில ஆய்வுகளில், நீராவி முறையைவிட அதிக எண்ணெய் கிடைத்திருக்கிறது.

"அப்படியானால் நாமே ஒரு மிஷின் போடலாமா?" என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். இவ்வளவு அழுத்தத்தைத் தாங்க கனமான எஃகுக் கலமும், பம்பும், பாதுகாப்பு வால்வும் வேணும். விலை லட்சக்கணக்கில் போகும். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்து பார்க்கிற வேலையே இல்லை. வெடித்தால் உயிர் போகும். புகைபோக்கி வாயுவையும் அப்படியே விட முடியாது. சுத்தம் செய்த வாயுதான் ஆகும். இன்னொன்று, இந்த எண்ணெயில் மெழுகும் கொஞ்சம் சேர்ந்து வரும், மணமும் சற்று மாறும். வாங்குகிறவர் ஒப்புக்கொள்கிறாரா என்று முதலில் கேளுங்கள். தனி ஆள் கடன் வாங்கி இறங்க வேண்டாம். பலர் கூடி, வாங்குகிறவரிடம் எழுத்தில் பேசிய பிறகு யோசிக்கலாம்.

இன்றைக்கே செய்யக்கூடியது என்ன? லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் எண்ணெய்க்கென்றே வெளியிட்ட ரகங்களைக் கேட்டு வாங்கி நடுங்கள். வேர் முற்றிய பிறகு அறுவடை செய்யுங்கள். மண் போக அலசி, நிழலில் உலர்த்தி, சிறு துண்டாக நறுக்கிப் போடுங்கள். அடுப்பைப் பாதியில் அணைக்காதீர்கள். எந்த மிஷின் வந்தாலும், வேரில் இல்லாத எண்ணெயை அது கொண்டுவராது. நல்ல வேர் நம் கையில்தான் இருக்கிறது.