மடியை விடப் பாதுகாப்பான ஆசனம்

தாயின் மடியை விடப் பிள்ளைக்குப் பாதுகாப்பான இடம் ஏது? நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒருநாள் காரின் முன்னாசனத்தில், ஒன்றரை வயது மகளை மடியில் வைத்திருந்தேன். வீதியில் மாடு குறுக்கிட, கணவர் சடுதியாகப் பிரேக் பிடித்தார். என் கையிலிருந்து நழுவிய பிள்ளையின் நெற்றி முன்னால் மோதியது. நல்லவேளை, வீக்கத்தோடு போயிற்று. இறுக அணைத்திருந்த என் பிடி எங்கே போனது?

மணிக்கு 50 கிலோ மீற்றர் வேகத்தில் வாகனம் மோதினால், 10 கிலோ எடையுள்ள பிள்ளை சுமார் 300 கிலோ பாரம்போல் முன்னே பாயும். எந்தத் தாயால் தாங்க முடியும்?

சிறு பிள்ளைக்குத் தலை பெரிது, கழுத்தெலும்பு முதிராதது. முன்னோக்கி அமர்ந்திருந்தால் தலை வீசப்பட்டுக் கழுத்து இழுபடும். பின்னோக்கிய ஆசனமோ தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஒருங்கே தாங்கிக்கொள்கிறது. சுவீடனில் பேராசிரியர் பேர்ட்டில் அல்ட்மன் 1960களில் இதனை உருவாக்கினார். அங்கு நான்கு வயதுவரை பிள்ளைகளை இவ்வாறே அமர்த்துமாறு அறிவுறுத்துகிறார்கள்.

"கால் மடங்குமே" என்று தாய்மார் என்னிடம் கேட்பதுண்டு. கால் மடங்குவதால் கேடில்லை. கழுத்து முறிந்தால் மீள்வது கடினம். ஆசனத்தைப் பின் இருக்கையிலேயே பொருத்துங்கள். எயார் பேக் இயங்கும் முன்னாசனத்தில் பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைக்காதீர்கள். பட்டிகள் தளராமல் இருக்கட்டும்.

முதல் இரண்டு நாட்கள் மகள் அழுதாள். அருகில் அமர்ந்து கதை சொன்னேன். இப்போது பட்டி மாட்டும்வரை அவளே காரை எடுக்க விடுவதில்லை!