பயாப்ஸி ரிசல்ட் லேட் ஆனாலே பயப்பட வேண்டுமா? கழுத்துக் கட்டியும் காத்திருப்பும்!

கழுத்தில் ஒரு கட்டி. வலி இல்லை. "நெறி கட்டியிருக்கும், தானா வத்திரும்" என்பார்கள் வீட்டில். பெரும்பாலும் அது உண்மைதான். பல் சொத்தை, தொண்டைப் புண், தலையில் பேன் புண் என எதற்கும் கழுத்தில் நெறி கட்டும். இரண்டு, மூன்று வாரங்களில் வற்றிவிடும். வற்றாமல் வளர்ந்துகொண்டே போனால்தான், 'லிம்ஃபோமாவாக இருக்கலாம், பயாப்ஸி பார்த்துவிடுவோம்' என்பார் டாக்டர். லிம்ஃபோமா என்பது நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய்.

சங்கரன்கோவில் பக்கம் ராயகிரி போன்ற ஊரில் இருப்பவருக்கு, பயாப்ஸிக்குப் பிறகான நாள்கள் ரொம்பவே நீளம். திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போய் கட்டியை எடுத்துவிட்டு வர வேண்டும். ரிசல்ட் வாங்க மறுபடியும் பஸ், மறுபடியும் ஒருநாள் கூலி நஷ்டம். 'இன்னும் வரல, அடுத்த வாரம் வாங்க' என்று சொல்லிவிட்டால், திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே நினைப்புதான்: 'பெரிய வியாதியா இருக்கும்போல, அதான் சொல்ல மாட்டேங்குறாங்க.'

அந்த நினைப்பு தேவையில்லை. ரிசல்ட் ஏன் தாமதமாகிறது என்று தெரிந்தால், பாதி பயம் குறைந்துவிடும்.

லேபில் என்ன நடக்கிறது?

எடுத்த கட்டியை முதலில் ஃபார்மலினில் ஊறவைப்பார்கள். பிறகு மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இதற்கே சில நாள்கள் ஆகும்.

லிம்ஃபோமாவில் 60-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. அதனால் சந்தேகம் இருந்தால், 'ஐ.ஹெச்.சி' என்ற கூடுதல் டெஸ்ட் செய்வார்கள். செல்லின் மேல் இருக்கும் சி.டி.20, சி.டி.30 போன்ற அடையாளங்களைத் தேடும் டெஸ்ட் இது. இதற்கு இன்னும் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். கேன்சர் இல்லை என்று உறுதி செய்யவும் இதே டெஸ்ட் உதவும். எனவே, 'இன்னொரு டெஸ்ட்டுக்குப் போயிருக்கு' என்றாலே கெட்ட செய்தி என்று அர்த்தமில்லை.

டிபியாகவும் இருக்கலாம்!

நம் நாட்டில் கழுத்துக் கட்டிக்கு இன்னொரு முக்கியக் காரணம் டிபி. விடாத காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடைக் குறைவு என இரண்டு நோய்க்கும் அறிகுறிகள் ஒன்றேபோல இருக்கும். இந்தக் குழப்பம் இன்று நேற்றல்ல. 1832-ல் லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்த நோயை, 1898-ல்கூட கார்ல் ஸ்டெர்ன்பெர்க் என்ற ஆய்வாளர் டிபியின் ஒரு வகை என்றே நினைத்தார். டோரத்தி ரீட் என்ற பெண் மருத்துவர்தான் 1902-ல், 'இது வேறு நோய்' என்று மைக்ராஸ்கோப் மூலம் காட்டினார். இரண்டு நோய்க்கும் மருந்து வேறு என்பதால், அவசரப்பட்டு பெயர் வைப்பதைவிட, நாலு நாள் பொறுப்பது நல்லது.

காத்திருக்கும் நாள்களில்...

* பயாப்ஸிக்கு முன்பே, 'டிபி டெஸ்ட்டுக்கும் ஒரு துண்டு அனுப்புவீங்களா டாக்டர்?' என்று கேளுங்கள். அந்தத் துண்டு ஃபார்மலினில் போடாமல் தனியாகப் போக வேண்டும்.

* ஊசியில் எடுக்கும் டெஸ்ட்டில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். முழு நெறியையும் எடுக்கச் சொன்னால் தயங்காதீர்கள்.

* டாக்டர் சொல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, ரிசல்ட்டையே குழப்பிவிடும்.

* சங்கரன்கோவில் புற்றுமண் மீது நம்பிக்கை இருக்கலாம். தையல் போட்ட காயத்தின் மேல் மட்டும் பூச வேண்டாம்.

* 'எப்போது வரும்? யாரிடம் கேட்க வேண்டும்?' என்று முதல் நாளே கேட்டு, போன் நம்பர் வாங்கி வையுங்கள். வீண் அலைச்சல் மிச்சம்.

* வேறு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால் ரிப்போர்ட்டோடு ஸ்லைடு, மெழுகு பிளாக் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். மறுபடி கத்தி வைக்க வேண்டிய அவசியம் குறையும்.

* முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

* மூச்சுத்திணறல், முகம் வீங்குதல், காயத்தில் ரத்தக் கசிவு இருந்தால் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

'அம்மாகிட்ட சொல்லிராதீங்க' என்று மறைப்பது நம் வீடுகளில் சகஜம். ஆனால், கிசுகிசுப்பு அவர்கள் காதில் விழத்தான் செய்யும். தெரிந்ததைச் சொல்லுங்கள், 'மத்தது ரிசல்ட் வந்ததும் பார்த்துக்கலாம்மா' என்று பக்கத்தில் உட்காருங்கள். தூக்கமே வராமல் தவித்தால் 14416 என்ற இலவச மனநல எண் 24 மணி நேரமும் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

ஒருவேளை ரிசல்ட் லிம்ஃபோமா என்றே வந்தாலும், அதோடு எல்லாம் முடிந்துவிடாது. மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் புற்றுநோய்களில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவும் ஒன்று. 'சிவப்பதிகாரம்' நாயகி மம்தா மோகன்தாஸுக்கு அது 2009-ல் வந்தது, 2013-ல் திரும்பவும் வந்தது. 2024-ல் அவரை 'மகாராஜா' படத்தில் பார்த்தோம்.

அதனால், 'வந்தா பார்த்துக்கலாம்' என்று ரிசல்ட் வாங்கப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். சொன்ன தேதியில், தைரியமான ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுங்கள்!