பல்கலைக்கழகத்திற் பத்திரிகைக் கலை

பத்திரிகைத் தொழில் அச்சுக்கூடத்திலே பழகற்பாலது. வகுப்பறைக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை என்னுங் கருத்து நெடுங்காலம் நிலவியது. யாழ்ப்பாணத்தில் 1841 ஆம் ஆண்டில் உதயதாரகை தோன்றிய காலந்தொட்டுப் பத்திரிகை நடத்தியோரிற் பலர் எழுதி எழுதியே அத்தொழிலிற் கைதேர்ந்தனர். எனினும், அமெரிக்காவில் மிசூரிப் பல்கலைக்கழகம் 1908 இல் இதற்கெனத் தனிக் கல்லூரி நிறுவியது. இலாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941 இல் இக்கல்வியைத் தொடக்கிற்று. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் ஊடகக் கற்கைகள் தனித் துறையாக விளங்குகின்றன. பேராதனையிற் பயின்ற க. கைலாசபதி தினகரன் ஆசிரியராகப் பணியாற்றியவர். 1974 இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராகவும் அமர்ந்தார். செய்தித்தாளும் பல்கலைக்கழகமும் ஒன்றற்கொன்று அந்நியமானவையல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.

அங்குக் கற்கப்படும் அடிப்படை முறைகள் யாவை? ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். 2025 செப்டெம்பர் 1 ஆந் திகதி மண்டைதீவிலே சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்குச் சனாதிபதி அநுரகுமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். யார், எது, எங்கே, எப்போது என்னும் நான்கு வினாக்களுக்கு இவ்வொரு வாக்கியத்திலேயே விடை அடங்கிவிடுகின்றது. பண்ணைத் தாம்போதி வழியே சென்றடையும் தீவு அது என்று இரண்டொரு சொற்கள் சேர்ப்பின், தொலைவிலுள்ள வாசகனும் இடத்தை உணர்வான். ஆயின், ஏன், எவ்வாறு என்னும் எஞ்சிய வினாக்களுக்கு விழாமேடையில் முழு விடை கிடைப்பதில்லை. தெரிவுசெய்த நிலம் எத்தகையது? மாரி வெள்ளம் எவ்வழி வடியும்? அயலிலுள்ள கிணறுகளின் நன்னீர் என்னாகும்? மீன்பிடிப்போர் என்ன கருதுகின்றனர்? இவற்றை நிருபன் ஊருக்குள் நடந்து கேட்டறிதல் வேண்டும்.

கேட்டறிந்தவற்றை நிரற்படுத்துவது அடுத்த பயிற்சி. முகவுரை, பொருள், முடிவுரை என எழுதுவது கட்டுரை மரபு. செய்தியோ தலைகீழாக நிறுத்திய கூம்பினை ஒத்தது. தலையாய பொருள் முதலிலும், சிறியன பின்னும் வரும். இடம் போதாதவிடத்து ஆசிரியர் அடியிலிருந்தே வெட்டுவார். தீவின் பழைமையையும் மாலை மரியாதையையும் முன்னே விரித்த நிருபன், தன் செய்தியைத் தானே இழப்பான். தமிழ் வாக்கியத்திற் பயனிலை இறுதியில் வருதலின், முகப்பு வாக்கியம் நீண்டால் வாசகன் வினைக்காகக் காத்திருக்க நேரும். “நாட்டப்பட்டது”, “அகற்றப்பட்டது” என்னுஞ் செயப்பாட்டு வினைகள் செய்தவரை மறைக்க இடந்தருவனவாதலின், அவற்றையும் எச்சரிக்கையோடு ஆளல் வேண்டும். குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் குற்றமென வகுத்த நன்னூலைப் படித்தவர்க்கு இவ்வொழுங்கு புதியதன்று.

இவையனைத்தினும் மேலானது மெய்ம்மை காணும் பயிற்சி. 1986 யூன் 10 ஆந் திகதி மண்டைதீவுக் கடலிலே குருநகர் மீனவர் முப்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கடற்படையினரே கொன்றனர் என்பது மக்களின் குற்றச்சாட்டு. இத்தகைய செய்தியில் ஓர் எண் பிழைத்தால் ஓர் உயிர் கணக்கிலிருந்து நீங்கும். ஒரு பெயர் பிழைத்தால் ஒரு குடும்பத்தின் துயர் வேறொரு வீட்டு வாயிலிற் சென்று விழும். ஆதலின், கண்டது எது, கேட்டது எது, கூறியவர் யார் என வேறுபிரித்து எழுதுதல் வேண்டும். ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒப்புநோக்கல் வேண்டும். பெயரையும் வயதையும் அவ்வீட்டாரிடமே கேட்டுச் சரிபார்த்தல் வேண்டும். துயருற்றோர் பேச விரும்பாதவிடத்து அம்மௌனத்தை மதித்தலும் இப்பயிற்சியின் பாற்பட்டதே.

துணிவையும் ஊராரின் நம்பிக்கையையும் எந்தப் பல்கலைக்கழகமும் பட்டத்தோடு வழங்கவியலாது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஈழநாடு அலுவலகமும் தீக்கிரையாயிற்று. ஏடுகள் அழியக்கூடிய நாட்டில், எஞ்சும் சில வரிகளே பிற்காலத்தார்க்குச் சான்றாகின்றன. ஆகவே அவ்வரிகள் பிழையற்றிருத்தல் இன்றியமையாதது. மண்டைதீவைப் பற்றிய தவறொன்று அச்சேறின், தீவார் அதனை உடனே அறிவர். ஏனையோரெல்லாம் அதனை உண்மையென்றே கொள்வர். தீவகத்து மாணவர் சிலரேனும் இக்கலையை முறையாகக் கற்று, தம்மூர்ச் செய்தியைத் தாமே எழுத முன்வருவாராயின், அத்தகைய தவறுகள் அச்சேறுமுன்னரே திருந்தும்.