புரிந்தால்தானே ஆமென்?

ஜோர்ஜ்டவுனில் ஒரு ஞாயிறு காலை. ஆராதனை முடிந்து படியிறங்கும்போது, எனக்குப் பின்னால் வந்த பையன் தன் பாட்டியிடம் கேட்டான்: "பாட்டி, சுவிசேஷம்னா என்ன?"

பாட்டி திகைத்துவிட்டார். சிறு வயதிலிருந்து கேட்டுவரும் சொல். கொஞ்சம் யோசித்து, "குட் நியூஸ்தான்டா" என்றார்.

"அப்ப அப்படியே சொல்ல வேண்டியதுதானே?"

கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுல் கேட்பதும் ஏறக்குறைய இதுதான். அந்தச் சபையில் ஆவியின் வரங்களுக்குக் குறைவில்லை, ஒழுங்குதான் இல்லை. அந்நிய பாஷை பேசுவதைப் பவுல் தடுக்கவில்லை, தாமும் பேசுவதாகவே சொல்கிறார். ஆனால் சபைக்குள் இருவர், மிஞ்சினால் மூவர், அதுவும் ஒருவர்பின் ஒருவர். பொருள் சொல்ல ஆளில்லையா, பேசவே வேண்டாம். புரியாத பல்லாயிரம் சொற்களைவிடப் புரிகிற ஐந்து சொற்கள் மேல் என்பது அவர் கணக்கு. விளங்காத ஜெபத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் எப்படி ஆமென் சொல்வார் என்று அவர் கேட்பது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இந்த வரம் அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருக் கூட்டங்கள் தொடங்கியது 1906இல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1860களில், திருநெல்வேலிப் பக்கம் அருளப்பன் ஊழியம் செய்த சபைகளில் அந்நிய பாஷை பேசியதும், அதற்குப் பொருள் சொன்னதும் பதிவாகியிருக்கின்றன. பேச்சோடு பொருளும் சேர்ந்தே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பினாங்குக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. 1808 முதல் இங்கே இயங்கிவரும் காலேஜ் ஜெனரல் குருமடத்தில் சீனா, வியட்நாம், சயாம் மாணவர்களுக்குப் பொதுமொழியாக இருந்தது லத்தீன். அவர்களுக்கு அது பாலம். பினாங்கு ரோடு புனித பிரான்சிஸ் சேவியர் ஆலயத்தில் கூடிய தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கோ அதே லத்தீன் ஒரு திரை. பிரசங்கம் தமிழில் இருந்தாலும் பூசை லத்தீனில்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிவிட்ட பிறகே பூசையும் தமிழுக்கு வந்தது.

இன்றைய திரை வேறு. பல சபைகளில் படிக்கப்படும் தமிழ் வேதாகமத்தின் நடை 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பைச் சேர்ந்தது. இரட்சிப்பு, நீதிமான், கிருபை ஆகிய சொற்கள் பாட்டிக்கு ஜெபம். தேசியப் பள்ளியில் படித்த பேரனுக்கு அந்நிய பாஷை. அதனால்தான் பல வீடுகளில் பாட்டி தமிழ் ஆராதனைக்கும் பேரன் ஆங்கில ஆராதனைக்கும் தனித்தனியே கிளம்புகிறார்கள். மதியச் சாப்பாட்டில் பேசிக்கொள்ள ஒரே பிரசங்கம்கூட இருவருக்கும் இல்லை.

பழைய சொற்களைத் தூக்கியெறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றில் நம் தாத்தா பாட்டிகளின் கண்ணீர் இருக்கிறது. "இரட்சிப்பு" என்று சொல்லிவிட்டு, பத்து பிரிங்கி கடலில் மூழ்கப்போனவனைக் கரைக்கு இழுத்துப் போட்ட மாதிரி என்று போதகர் ஒரு வரி சேர்த்தால் போதும். அரை நிமிடம்கூட ஆகாது. பொருள் சொல்வதையும் பவுல் ஒரு வரமாகத்தான் எண்ணுகிறார். அதற்கு நம் சபைகளில் யாரும் உபவாசமிருந்து ஜெபிப்பதாகத் தெரியவில்லை.

அந்தப் பையன் கார் கதவைத் திறந்தபடி அடுத்த கேள்விக்குப் போயிருந்தான்: "சரி, நீதிமான்னா யாரு பாட்டி?"