சிந்துபாத் கதையும் திரையும்

ஆயிரத்தோர் இரவுக் கதைகளை இன்று நாம் சிறுவர்க்குரிய நூலாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ஆயின் அவை சிறுவர்க்கென எழுந்தவையல்ல. சிந்துபாத்தின் ஏழு கடற்பயணங்களும் முதலில் அரபு மொழியில் தனி நூலாக வழங்கின. பிரெஞ்சு அறிஞர் காலந்து 1704-இல் வெளியிடத் தொடங்கிய மொழிபெயர்ப்பில் அவற்றையும் உடன் சேர்த்தார். அலாவுதீனும் அலிபாபாவுமோ பழைய ஏடுகளில் காணப்படாதவர்கள். அலெப்போ நகரத்து அன்னா தியாபு என்பவர் 1709-இல் பாரிசில் வாய்மொழியாகச் சொல்ல, காலந்து கேட்டு எழுதியவை அக்கதைகள்.

ஆகவே, படம் எடுப்போர் கதையை மாற்றிவிட்டனர் என்று நாம் சினம் கொள்வதற்கு முன் சற்றுத் தயங்க வேண்டும். மாறிக்கொண்டே வந்ததுதான் இக்கதைகளின் இயல்பு. சேலம் மாடர்ன் தியேட்டர்சு 1956-இல் வெளியிட்ட 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். மூலக் கதையில் அலிபாபா மணமானவன், மார்ஜியானா அடிமைப்பெண், இறுதியில் அவனுடைய மகனையே மணக்கிறாள். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடிக்கும் படத்தில் அஃது எங்ஙனம் செல்லும்? அலிபாபாவே அவளுடைய காதலன் ஆனான். இம்மாற்றத்தால் எவர்க்கும் தீங்கில்லை.

தீங்கு விளைவிக்கும் மாற்றங்களும் உண்டு. கேம்பல் பேயில் வாழ்வோர் இதனை எளிதில் உணர்வர். 851-ஆம் ஆண்டளவில் எழுந்த அரபுக் கடற்பயணக் குறிப்பொன்றில் இலங்கபாலூசு என்னும் தீவுகள் வருகின்றன. அவை நிக்கோபாரே என்பர் அறிஞர். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கூறும் மாநக்கவாரமும் இதுவே. அத்தீவினர் கப்பல்களை அணுகி, அம்பரும் தேங்காயும் கொடுத்து இரும்பு பெற்றனர் என்கிறது அக்குறிப்பு. இது வாணிகரின் கண்கொண்டு கண்ட செய்தி. ஆயின் அண்டை அந்தமானின் மக்களை நரமாமிசம் உண்போர் என்றும் அதே நூல் எழுதிவைத்தது. சிந்துபாத்தின் நான்காம் பயணத்தில், உணவளித்து அறிவை மயக்கிக் கொழுக்கவைத்துத் தின்னும் கூட்டத்தாரைக் காண்கிறோம். இத்தகைய மாலுமி வதந்திகளே அதற்கு வித்து என எண்ண இடமுண்டு.

1958-இல் வெளிவந்த 'சிந்துபாத்தின் ஏழாம் பயணம்' என்னும் ஆங்கிலப் படம், பெயருக்கு மாறாக மூன்றாம் பயணத்து அரக்கனையும் இரண்டாம் பயணத்து ரூக் பறவையையும் எடுத்துக்கொண்டது. அரக்கனுக்கு ஒற்றைக்கண்ணும் ஆட்டுக்காலும், பறவைக்கு இரு தலைகளும் அமைந்தன. ரே ஹாரிஹவுசன் சிறு பொம்மைகளை இம்மி இம்மியாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம்பிடித்தார். நொடிக்கு இருபத்துநான்கு படங்கள் ஓடும்போது பொம்மை உயிர் பெறுகிறது. எலும்புக்கூட்டோடு நடக்கும் வாட்போர் இன்றும் வியப்பூட்டுகிறது. ஆட்டுக்கால் அரக்கனைக் கண்டு எந்த மக்களையும் எவரும் நினையார், அவன் முழுக்கற்பனை. ஆனால் உடலில் சாயம் பூசி, இறகு சூட்டி, கூச்சலிடும் மனிதரைத் 'தீவுவாசிகள்' என்று காட்டும் படங்களும் பலவுள. 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியேறிய இத்தீவில் நிக்கோபாரியரும் சோம்பென் மக்களும் அவர்கட்கு நெடுங்காலம் முன்பிருந்தே வாழ்கின்றனர். குடியேறியவர்தம் சிறுவன் அப்படத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் அண்டையாரை எக்கண் கொண்டு நோக்குவான்? நிக்கோபாரியச் சிறுமி தன்னை அத்திரையில் எங்கே தேடுவாள்?

படத்தைத் தடுத்துவிடுதல் வழியன்று. பார்த்த பின் வீட்டில் பேச்சு நிகழ வேண்டும்; இரும்புக்குத் தேங்காய் மாற்றிய கதையையும் சிறுவர்க்குச் சொல்லலாம். தேர்ந்து காட்ட விரும்புவோர்க்கு லோட்டே ரைனிகர் என்னும் செருமானியப் பெண்மணி 1926-இல் முடித்த 'இளவரசன் அகமது' உள்ளது. கரிய அட்டையை வெட்டி, மூன்றாண்டு உழைத்து எடுத்த நிழற்படம் அது; அலாவுதீனும் அதில் வருகிறான். தோற்பாவைக்கூத்தை அறிந்த நமக்கு அந்நிழல்கள் அந்நியமாகத் தோன்றா.